சீசருக்கு நஞ்சு வைத்தது யார்

நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் உங்கள் அறைக்குள் வந்தால், நோயைப் பற்றி அவர் சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதை நம்பாதீர்கள். புதிதாக மிருக வைத்திய வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இது கடுமையாகத் தோன்றும். ஓய்வுபெற்ற மனுஷிக்கு வாய் நீளம் என்றும் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆசையாகத் தன் கையால் போட்ட சோறு கெடுதல் செய்திருக்கும் என்று நினைக்க எவருக்கும் மனம் வராது. அதனால் சாப்பாட்டுப் பேச்சை எடுத்ததும் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்: "வீட்டுச் சாப்பாடுதான் டொக்டர்." கற்பிட்டிக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர் தங்கும் விடுதிகள் முளைக்கத் தொடங்கிய நாட்களில், ஒரு விடுதி முகாமையாளர் என்னிடம் சத்தியமே செய்தார். தன் நாய்க்குட்டி பெட்டியில் வரும் உணவைத் தவிர வேறெதையும் முகர்ந்தும் பார்க்காதாம். அவர் வாயை மூட முன்னரே அது என் மேசையில் இறால் கோதுகளைக் கக்கியது. அன்றைக்குச் சிரித்தேன். சீசரின் விடயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு காலையில் நான் போய்ச் சேர முன்னரே சூசை அலுவலக வாசலில் நின்றார். வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து வந்து, குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் காணி எடுத்து வெங்காயம் செய்பவர். ஒரு கையில் நாய்க்குட்டி, மற்றக் கையில் முடிச்சுப்போட்ட சொப்பிங் பை. குட்டிக்கு நான்கு மாதம் இருக்கும். ஊர் நாய்தான், பெயர் மட்டும் சீசர். தலையைத் தூக்கவும் தெம்பில்லாமல் அவருடைய முழங்கையில் தொங்கிக்கொண்டு கிடந்தது.

"நஞ்சு வச்சுப்போட்டான் டொக்டர். ஒரு துண்டு எழுதித் தாங்கோ, நான் பொலிசுக்குப் போகவேணும்."

"முதல்ல குட்டியை மேசையில வையுங்கோ."

"ஆர் வச்சது எண்டும் எனக்குத் தெரியும்."

"நான் அதைக் கேக்கேல்லை."

கேட்காவிட்டாலும் சொன்னார். பக்கத்துத் தோட்டக்காரர் ஹமீது; முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் எல்லோரும் அவரை நானா என்பார்கள். தொண்ணூறில் தமிழ் இயக்கம் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து துரத்தப்பட்டு வந்து, இந்த மண்ணிலேயே தங்கிவிட்டவர். வெங்காயமும் செய்வார், கருவாடும் போடுவார். சீசர் வேலிக்குள் புகுந்து போய், அவர் கழுவிக் காயப்போட்டிருந்த தொழுகைப் பாயில் படுத்து உருண்டிருக்கிறது. நாயின் ஈரம் பட்ட பாயை அவர்கள் மறுபடி மறுபடி கழுவ வேண்டும். நானா கோபத்தில் வேலியடியில் நின்று, எல்லோரும் கேட்கக் கத்தியிருக்கிறார்: "இன்னொருக்கா இஞ்சால வந்தா நான் பொறுப்பில்ல!" அதற்குப் பிறகுதான் குட்டி வாடத் தொடங்கியது. போதாததற்கு, கருவாட்டுக் கொட்டிலுக்கென்று நானா எலிநஞ்சு வாங்கியதைக் கடைத்தெருவில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

சூசை பையை அவிழ்த்தார். உள்ளே ஒரு ரின் மூடி. அதில் காய்ந்துபோன சோறு, மீன், ஏதோ மஞ்சளாக மசிந்த ஒன்று, நிறைய எறும்பு. "இண்டைக்குக் காலமை வேலிக்குக் கீழ கிடந்தது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நான் முகர்ந்து பார்த்தேன். அவித்த மீனும் பூசணிக்காயும். மிளகாய் இல்லை, உப்புக்கூட இல்லாத வாசம். எறும்புகள் சுறுசுறுப்பாகத்தான் ஓடின. ஆனால் எறும்பு உயிரோடு இருப்பதை வைத்து நஞ்சில்லை என்று சொல்ல முடியாது. அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், பல் முரசு வெள்ளைத் தாள் போல் வெளிறியிருந்தது. மூச்சு வேகம். மேசையிலேயே சிறுநீர் கழித்தது, அது பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. தோட்டத்துப் பூச்சிமருந்து என்றால் வாயில் எச்சில் வடியும், உடம்பு உதறும். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் எலிநஞ்சு வேறு மாதிரி. அது உள்ளே இரத்தத்தைக் கசியவைத்து ஆளை வெளிற வைக்கும். உண்ணிக் காய்ச்சலும் வெளிற வைக்கும், சிறுநீரையும் கறுப்பாக்கும். மேலில் ஒரு உண்ணியும் தட்டுப்படவில்லை என்பதால் அதையும் தள்ளிவிட முடியாது. இரத்தம் எடுத்தேன். அதை அனுப்பி மறுமொழி வர நாட்கள் ஆகும். குட்டிக்கு அவ்வளவு நாள் இருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். சூசைக்கோ துண்டு அப்போதே வேண்டும்.

எதற்கும் இருக்கட்டும் என்று எலிநஞ்சை முறிக்கும் ஊசியையும் போட்டேன். இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் நாம் செய்கிற ஒவ்வொன்றையும் வீட்டுக்காரர் வாசித்துக்கொண்டே இருப்பார்.

"பாத்தீங்களோ," என்று சூசை எழும்பிவிட்டார். "டொக்டரே நஞ்சுக்கு ஊசி போடுறீங்கள். பிறகென்ன, எழுதித் தாங்கோவன்."

"இது காவலுக்குப் போட்டது. கண்டுபிடிச்சுப் போட்டது இல்லை. என்ன சாப்பிட்டது குட்டி?"

"வீட்டுச் சாப்பாடுதான் டொக்டர்."

அந்த வசனம். "சரி, வீட்டைப் போவம்," என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. அலுவலகத்தில் மற்றவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஒரு ஊர் நாய்க்குட்டிக்காக இவ்வளவு தூரமா என்று முகத்தைத் திருப்பினார்கள். ஆனால் நான் பயந்தது குட்டிக்காக மட்டுமல்ல. நான் நஞ்சு என்று ஒரு சொல் எழுதினால், அதைக் கொண்டு போய் இவர் எதைக் கொளுத்துவார் என்று தெரியாது. தமிழர் வீடும் முஸ்லிம் வீடும் ஒரு ஓலைவேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற இடம் அது.

போய் இறங்கியதுமே ஒன்றைக் கவனித்தேன். சூசையின் வெங்காயம் பச்சைப் பசேல் என்று நின்றது. வேலிக்கு அப்பால் நானாவின் வெங்காயம் தாள் நுனி கருகித் தலை சாய்ந்து கிடந்தது. இரண்டு தோட்டத்துக்கும் ஒரே குழாய்க்கிணறு, ஒரே மோட்டர். முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். மோட்டர்க் கொட்டில் சூசையின் பக்கம் இருக்கிறது. அதன் கதவில் புதிதாக ஒரு பூட்டுத் தொங்கியது.

"எப்ப பூட்டினது?" என்று கேட்டேன்.

"முந்தநாள். குட்டி விழுந்த உடனே." குற்றவுணர்ச்சி ஏதும் இல்லாமல்தான் சொன்னார். வெங்காயம் கிழங்கு பிடிக்கிற நேரம். அந்த வெயிலுக்கும் மணலுக்கும் இன்னும் சில நாள் தண்ணீர் போகாவிட்டால் நானாவின் போகம் முடிந்தது. பொலிசுக்கு நான் எழுதும் துண்டுதான் அந்தப் பூட்டுக்குச் சாவி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நேரே குசினிக்குப் போனேன். சூசையின் மனைவி திரேசா குட்டியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். "பிள்ளை மாதிரிப் பாத்தனான் டொக்டர். அவையள் வச்சதைத் திண்டுபோடும் எண்டு, சண்டை பிடிச்ச அண்டையில இருந்து இந்தத் தூணிலதான் கட்டி வச்சிருக்கிறம். என்ர கையால குடுக்கிறதைத் தவிர வேற ஒண்டும் வாயில வைக்கேல்லை."

"அந்தக் கையால குடுத்ததைக் காட்டுங்கோ."

நாய்க்கென்று தனிச்சட்டி அடுப்பில் இருந்தது. மூடியைத் திறந்தேன். கருவாட்டுத் தலை, சோறு, அதற்குள் உரித்த சின்ன வெங்காயம், கரண்டியால் தோண்டத் தோண்ட வெங்காயம். விலைப்படாத பொடி வெங்காயம் எல்லாம் அங்கே கூடை நிறைய இருந்தது.

"வெங்காயம் எத்தினை நாளாப் போடுறீங்கள்?"

"முந்தி கொஞ்சம்தான் போட்டது," என்றாள் திரேசா. "குட்டி சோரத் தொடங்கினாப் பிறகு கூடப் போட்டனாங்கள். உடம்புச் சூடு தணியும், வளருற குட்டிக்குத் தெம்பு வரும் எண்டு."

கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டேன். குட்டி தளரத் தளர மருந்தென்று அதே கெடுதலை இன்னும் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெங்காயம், பச்சையோ அவித்ததோ, நாயின் இரத்தத்தை உடைக்கும். ஒரு நாளில் விழுத்தாது. சேர்ந்து சேர்ந்து விழுத்தும். மற்ற ஊர்களில் ஒரு நாய்க்கு இவ்வளவு வெங்காயம் எவரும் கொடுக்கமாட்டார்கள், கட்டுப்படியாகாது. வெங்காயம் மலிந்த எங்கள் மணலில்தான் இப்படி நடக்கும்.

என்றாலும் நான் அப்போதே வாயைத் திறக்கவில்லை. அந்த ரின் மூடிக்கு ஒரு கணக்கு வேண்டும். அது தெரியாமல் நான் சட்டியைக் குற்றம் சொன்னால், நானாவைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று சூசை நினைப்பார். உண்மையில் நானாவையும் நான் சந்தேகித்துக்கொண்டுதான் இருந்தேன். சந்தேகப்படுவதில் பிழை இல்லை பிள்ளைகள், வரிசையாகச் சந்தேகப்பட வேண்டும், அவ்வளவுதான்.

வேலியைச் சுற்றி அடுத்த வளவுக்குப் போனேன். ஹமீது நானா கருவாட்டுக் கொட்டில் வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் உள்ளே போய், ஒரு பக்கற்றை எடுத்து வந்து நீட்டினார். எலிநஞ்சு. வாய் பிரிக்கப்படாமல் இருந்தது.  தன் பக்கத்தில் வேலியோரமாக என் கூடவே வந்த சூசை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இன்னொரு பக்கற்றும் வாங்கியிருப்பார்," என்றார். தோட்டத்து வேலையாட்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

நான் பெண் என்பதால் நானாவின் குசினிக்குள் போக எவரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவருடைய மனைவி சுலைஹா அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்க்காமல் ஏற்கனவே கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள். மறைக்க ஒன்று இருக்கிறவர்களுக்குத்தான் கைவேலை தேவைப்படும். சுவர்த் தட்டில் ஒரு பால்மா ரின் இருந்தது, மேலே கிழித்த பொலித்தீன் ஒன்றை வைத்து இறப்பர் வளையம் போட்டிருந்தது.

"இதின்ர மூடி எங்க?" என்றேன்.

அவள் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். "இவர்ட்ட சொல்லிடாதீங்க டொக்டர். வேலியடியில வந்து என்னையே பாத்துக்கிட்டு நிக்கும். வாயில்லாத சீவன். கறிக்குக் கூட்ட முந்தி ரெண்டு மீன்துண்டு, கொஞ்சம் பூசணி, அவிச்சு முள்ளெடுத்து, சோத்தோட அகப்பையால தள்ளி வைப்பேன். நாயத் தொடமாட்டேன். இப்ப கட்டிப் போட்டிருக்காங்க எண்டு தெரியும். எண்டாலும் அவுத்துவிட்டா வருமே எண்டு வச்சேன்."

அடுப்பில் மீன் தனியாக அவிந்துகொண்டிருந்தது. மூடியில் இருந்த அதே வாசம். குட்டி ஏன் வேலியால் புகுந்து பாய்வரைக்கும் போனது என்பதும் தெரிந்துவிட்டது. அவள் சொன்னதை நம்பினேன். நம்பினேன் என்றால், முகர்ந்து பார்த்துவிட்டு நம்பினேன்.

அவள் பெயரை இழுக்காமல் முடிக்கலாம் என்றுதான் வெளியே வந்தேன். சூசை விடவில்லை. வேலியைச் சுற்றி வந்து, எல்லோருக்கும் நடுவில் நின்று கேட்டார்: "இப்ப சொல்லுங்கோ டொக்டர். நஞ்சோ, இல்லையோ?"

"நஞ்சுதான்," என்றேன்.

ஹமீது நானாவின் முகம் வெளிறியதைப் பார்த்தேன். குட்டியின் முரசும் அப்படித்தான் இருந்தது.

"வேலிக்கு இஞ்சால இருந்து வரேல்லை, சூசை. உங்கட அடுப்பில இருக்கு. வெங்காயம் நாய்க்கு ஆகாது. வெளியில பாத்தால் நஞ்சு திண்ட மாதிரித்தான் தெரியும்."

"வெங்காயமோ? நாங்கள் பழஞ்சோத்தோட வெங்காயம் திண்டுதான் இந்த வெயிலுக்க நிக்கிறம்!"

"நீங்கள் நாய் இல்லை."

வேலையாட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சூசைக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப அந்த மூடி? அதை ஆர் வச்சது?"

நான் வாயைத் திறக்க முன்னர் பின்னால் சத்தம் கேட்டது. சுலைஹா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி குசினி வாசலில் நின்றாள். "நான்தான் வச்சேன். நஞ்சு இல்ல, மீன். பசிக்குமே எண்டு வச்சேன்." கணவனைப் பார்க்காமலே சொன்னாள்.

நானா திரும்பி அவளைப் பார்த்தார். "அப்ப அது என்ட பாயில வந்து படுத்தது ஒன்னாலயா?"

அவள் ஓம் என்று தலையை ஆட்டினாள்.  ஆனால் சூசையின் முகம் இன்னும் தெளியவில்லை. ஆகவே நான் கடைசியாக ஒன்றைக் கேட்டேன்.

"குட்டி எவ்வளவு நாளாத் தூணில கட்டிக் கிடக்கு?"

"ஒரு கிழமைக்கு மேல."

"கட்டின அண்டைக்கு ஓடித் திரிஞ்சதோ?"

"ஓம். வேலியை உடைக்கிற மாதிரித் துள்ளினது."

"கட்டினாப் பிறகு ஆர் குடுத்த சாப்பாடு சாப்பிட்டது?"

சூசை திரேசாவைத் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு அப்பால் திரேசா குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் விளங்கிக்கொள்ள முன்னரே அவளுக்கு விளங்கிவிட்டது. அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள், அது அழுவதைவிடப் பார்க்கப் பொறுக்கவில்லை. எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. பாசத்தால் செய்கிற பிழைக்கு நாம் வைத்தியர்கள் குரலை உயர்த்தக்கூடாது. உயர்த்தினால் அடுத்த முறை சட்டியை மறைத்துவிடுவார்கள்.

சூசை மோட்டர்க் கொட்டிலுக்குப் போனார். பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து வேலியடியில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானா, தண்ணி உங்கட முறை."

மன்னிப்பென்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. நானாவும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. குழாயை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டார்.

சூசை கேட்ட துண்டை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பொலிசுக்கு அல்ல, குசினிக்கு. அலுமாரிக் கதவில் ஒட்டச் சொன்னேன். குழைந்த சோறு, முள் எடுத்த மீன், இடைக்கிடை அவித்த முட்டை, கொஞ்சம் பூசணிக்காய். வளருகிற குட்டிக்கு வயிறு சின்னது, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம். உப்புக் கருவாடு வேண்டாம், சமைத்த எலும்பு வேண்டாம், கறிச்சட்டி வழித்த சோறு வேண்டாம். தண்ணீர் எந்நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டும். வெங்காயம் என்ற சொல்லை எழுதி, மேலால் பெரிதாக ஒரு கோடு போட்டேன்.

இரத்தப் பரிசோதனை மறுமொழி வந்தபோது அதில் உண்ணிக் காய்ச்சலும் இல்லை. அதற்குள் சீசர் எழும்பி நிற்கத் தொடங்கிவிட்டது.

சில மாதங்கள் கழித்து அந்தப் பக்கம் ஒரு மாட்டைப் பார்க்கப் போனபோது அங்கேயும் எட்டிப் பார்த்தேன். சீசர் உருண்டு திரண்டு, நடக்கவே சோம்பல்பட்டுக்கொண்டு வந்தது. வேலியில் ஒரு ஓலையை எடுத்து வழி விட்டிருந்தார்கள்.

"என்ன இது? என்ன குடுக்கிறீங்கள்?" என்றேன்.

"நீங்கள் எழுதினதுதான் டொக்டர்," என்றாள் திரேசா. குரலைத் தாழ்த்தி, "அங்காலதான் கூடப் போடுகினம் போல," என்றாள்.

வேலிக்கு அப்பால் போனேன். "நாங்க கொஞ்சூண்டுதான்," என்றாள் சுலைஹா. "அவங்கதான் ஊட்டி ஊட்டி வைக்காங்க."

இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. திரேசாவின் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சுலைஹாவின் சட்டியைத் திறந்தேன். இரண்டிலும் ஒரு கன்றுக்குட்டிக்குப் போதுமான சோறு. குனிந்து கிளறிக்கொண்டிருந்தபோது ஹமீது நானா வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு அந்தக் குட்டியப் பிடிக்காது டொக்டர்," என்றார். "இனியும் பிடிக்காது. பாயை இப்ப கூரையில காயப்போடுறேன்." நான் கிளறிய சட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தொண்ணூறில எங்கட வீட்டு வாசலுக்கு வந்தவங்க, போங்க எண்டு மட்டும்தான் சொன்னாங்க. ஒருத்தரும் உள்ளுக்கு வந்து ஒரு சட்டியத் தொறந்து பாக்கல்ல."

நான் யாழ்ப்பாணத்தாள். அந்த வாசலுக்கு வந்தவர்கள் எங்கள் ஆட்கள். மூடியைச் சட்டியில் போட்டுவிட்டு, சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.